சோறு மட்டும் இல்லாத இலை

ஏப்ரல் 3, வியாழன்

சீ! இன்னைக்கும் என் காபி டம்ளர்லதான் பல்செட்டு கெடந்துச்சு. அதுக்குன்னு ஒரு டப்பா வாங்கி, மூடி போட்டு, மாமா பேர எழுதி வச்சிருக்கேன். இருந்தாலும் அவருக்கு என் டம்ளர்தான் கண்ணுக்குத் தெரியுது. விடிகாலையில அரைத் தூக்கத்துல காபிய ஊத்தப் போனா அடியில பல்லு என்னைப் பாத்து இளிக்குது.

நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறவ. காலையில ஆறு மணியிலேர்ந்து ஊர்ச் சனத்தோட ரத்தம், மூத்திரம், சளி எல்லாத்தையும் கையால தொடுறேன். ஒரு நாளும் முகஞ்சுளிச்சது கிடையாது. ஆனா வீட்டுக்கு வந்தா மாமனார் தொண்டையக் காறுற சத்தம் கேட்டாலே எனக்குக் குடலப் பொரட்டுது. ஏன்னு கேட்டா தெரியல.

இந்த டைரிய லேப்ல ஜனவரியில குடுத்தாங்க. மூணு மாசமா காலியாத்தான் இருந்துச்சு. இனிமே எழுதுறேன். எழுதலைன்னா யார் மேலயாவது பாத்திரத்தத் தூக்கி எறிஞ்சிருவேன்.

இன்னும் பதினோரு நாள். பதினோரே நாள். வருஷப்பொறப்பு வந்துட்டா மாமா மூத்தவர் வீட்டுக்குப் போயிருவாரு.

ஏப்ரல் 4, வெள்ளி

அந்த முறை என்னன்னு எழுதி வச்சிடுறேன். நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது பாருங்க.

அத்தை தவறிப்போய் வருஷத் தெவசம் முடிஞ்ச அன்னைக்கு, மாமாவ யார் வச்சுக்கிறதுன்னு எனக்கும் சொர்ணம் அக்காவுக்கும் வாய்த் தகராறு வந்துச்சு. சொர்ணம் அக்கா மூத்தவர் இராஜவேலோட சம்சாரம், இதே திண்டுக்கல்ல நாகல் நகர்ல இருக்காங்க. மாமா முப்பத்தி நாலு வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவரு. சண்டைய விலக்குறது அவருக்குப் பழக்கம். கைய உசத்தி, "ஒருத்தரும் பேச வேணாம். வருஷப்பொறப்பன்னைக்கு மத்தியானம் எந்த மருமக என் இலையில சோறு போடுதோ, அந்த வருஷம் பூரா அந்த வீடு. அடுத்த வருஷம் மத்தவ போடணும். அம்புட்டுதான்"ன்னு சொல்லிட்டாரு. மொத நாள் எப்படியோ அப்படித்தான் வருஷம்னு சொல்லுவாங்க, அதை வச்சு சொன்னது.

மொத வருஷம் சொர்ணம் அக்கா போட்டாங்க. போன வருஷம் நான். அப்ப இந்த வருஷம் யாரு? இதுக்குக் கணக்கு வாத்தியார் வேணுமா?

ஏப்ரல் 5, சனி

வேணும்போல இருக்கு.

மத்தியானம் சொர்ணம் அக்கா போன். "திலகா, செல்லம், எப்படிம்மா இருக்க?" இந்தப் பொம்பள செல்லம்னு கூப்பிட்டா ஏதோ செலவு வருதுன்னு அர்த்தம்.

"வீட்ல டைல்ஸ் மாத்துறோம்மா. ஒரே தூசி. வருஷப்பொறப்ப இந்தத் தடவை உங்க வீட்லயே வச்சுக்குவோமா? எல்லாரும் சேர்ந்து இருந்த மாதிரியும் ஆச்சு. மைசூர்பாகு நான் கொண்டாந்துடுறேன். நீ எதுவும் சிரமப்படாத, சோறு கறி மட்டும் பண்ணு."

சோறு கறி மட்டுமாம்! அப்புறம் என்னடி பாக்கி, தண்ணியா?

என் வீட்ல, என் அடுப்புல, நான் வடிச்ச சோறு. அப்ப கரண்டி யார் கையில இருக்கும்? அடி நாக்குல நஞ்சு, நுனி நாக்குல அமுதம்னு சும்மாவா சொன்னாங்க. போன வச்சதும் காதத் தொடைச்சேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர்கிட்ட சொன்னேன். "பாத்துக்கலாம் விடு"ன்னாரு. இருபத்திரண்டு வருஷமா இந்த மனுசன் பாத்துக்கிட்டேதான் இருக்காரு.

ஏப்ரல் 9, புதன்

லேப்ல இன்னைக்குக் கூட்டம். காலையில பத்தரைக்குத்தான் வீடு வந்தேன். மாமா வழக்கம்போல கேட்டத் தெறந்துக்கிட்டு நின்னாரு. என் வண்டிச் சத்தம் தெருமுனையில வரும்போதே அவருக்குத் தெரிஞ்சிடும். டிகாஷன் எறக்கி வச்சிருந்தாரு. பூண்டு உரிச்சு வச்சிருந்தாரு. உரிச்ச தோல் பூரா சோபாவுல. அந்த சோபா உறைய நான் போன வாரம்தான் தொவைச்சேன். எனக்கு வந்துச்சே ஆத்திரம்!

"இங்க ஏன் மாமா உக்காந்து உரிக்கிறீங்க?"

"டிவி இங்கதானம்மா இருக்கு."

ராத்திரி சாப்பிடும்போது அந்தச் சத்தம். ரசத்த உறிஞ்சுறதும், மோர இலையிலேர்ந்து வழிச்சு நக்குறதும். என் மக இலக்கியா பாட்டுக்கு எதிர்ல உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டே சாப்பிடுது. காலேஜ்ல நடந்ததெல்லாம் தாத்தாகிட்டதான் சொல்லுது, என்கிட்ட இல்ல. நான் தட்ட எடுத்துக்கிட்டு அடுப்படியில போய் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்.

டிகாஷன் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக?

ஏப்ரல் 11, வெள்ளி

கேளுங்க கூத்த.

நான் ஒரு யோசனை பண்ணி சொர்ணம் அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, எல்லாத்தையும் நானே சமைச்சு ஆட்டோவுல உங்க வீட்டுக்குக் கொண்டாந்துடுறேன். தூசி இருந்தா என்ன, ஒரு பாய விரிச்சுக்கலாம்"னேன். அங்க போயிட்டா வீட்டுக்காரி அவங்கதானே, கரண்டி அவங்க கையிலதானே? பதறிட்டாங்க. "ஐயையோ வேணாம்மா, கால் வைக்க எடமில்ல, சிமெண்ட் மூட்டையா கெடக்கு"ன்னாங்க.

வேலை முடிஞ்சதும் வண்டிய நாகல் நகர்ப் பக்கம் திருப்பினேன். அவங்க வீட்டு ஜன்னல் தெறந்து இருந்துச்சு. சிமெண்டும் இல்ல, மூட்டையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பழைய தரை பளபளன்னு தொடைச்சுக் கெடக்கு. புதுசா திரைச்சீலை வேற. சொர்ணம் அக்கா கால் மேல கால் போட்டு நெலக்கடலை கொறிச்சுக்கிட்டு இருந்தாங்க.

தூ! பெத்தவர மாதிரி ஒரு மனுசன், அவரத் தட்டிக் கழிக்க இப்படி ஒரு பொய்யா? அந்த மனுசன் அவங்களுக்கு என்ன பாவம் செஞ்சாரு? ஒரு வயசானவர ஒரு வருஷம் வச்சுச் சோறு போட முடியாத கட்டையில போற பொம்பள! வழி பூரா திட்டிக்கிட்டே வந்தேன். சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பாத்தான்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர்ல இன்னைக்குத் தேதிய அடிச்சேன். இன்னும் மூணு நாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையிலேர்ந்து வேலை. கனி பாக்குறதுக்குத் தட்டு வெளக்கினேன், கண்ணாடி தொடைச்சேன், முக்கனி வாங்கினேன். பலாச்சொளைய உரிச்சது மாமா. வேப்பம்பூவும் அவர்தான் கொண்டாந்தாரு. அந்த வெயில்ல ரோட்டோர மரத்தடியில துண்ட விரிச்சு, விழுந்தத எடுக்காம, கிளைய வளைச்சுப் பறிச்சிருக்காரு. "கீழ விழுந்ததுல நாய் போயிருக்கும், உனக்கு அருவருப்பா இருக்கும்"னு சொல்லிக் குடுத்தாரு. நான் வாங்கி வச்சேன்.

மத்தியானம் அவர் துணி எல்லாத்தையும் மடிச்சுப் பையில வச்சேன். சுகர் மாத்திரை, கண்ணுக்கு விடுற மருந்து, கம்பளி, பல்செட்டு டப்பா. நாளைக்கு எப்படியும் சொர்ணம் அக்கா கையில கரண்டியக் குடுத்துடணும்னு முடிவு பண்ணியாச்சு. சாயங்காலம் மாமா அவர் ரூமுக்குள்ள போனாரு. பை கட்டில் மேல இருந்துச்சு. அப்புறம் வாசப்படிக்கு வந்து, "ஏம்மா, அந்தப் பச்சைச் சட்டைய மட்டும் வெளிய எடுத்து வையி. நாளைக்குப் போட"ன்னாரு.

எடுத்து இஸ்திரி போட்டு வச்சேன். காலர்ல மூக்குப்பொடி நாத்தம். ரெண்டு தடவை போட்டும் போகல.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒண்ணு

மணி ஆறு. எல்லாரும் போயாச்சு. இலக்கியா ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. இவர் வெளிய போயிருக்காரு. நடந்தத வரிசையா எழுதுறேன்.

காலையில கனி பாத்தோம். போன் பூரா மாம்பழமும் வேப்பிலையும் பொம்மை போட்ட வாழ்த்து. "அன்பும் பண்பும் பெருகட்டும்"னு சொர்ணம் அக்கா அனுப்பினது ஒண்ணு, அதுல மூணு ரோசாப்பூ வேற. பாத்ததும் வாயில எச்சி ஊறுச்சு, துப்புறதுக்கு.

பதினொண்ணரைக்கு அவங்க ரெண்டு பேரும் வந்தாங்க. அவங்க மகன் ஓசூர்ல இருக்கான், லீவு இல்லையாம். சொர்ணம் அக்கா பட்டுச்சேலை. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்தா அடுப்படிக்குள்ள வர வேணாம்ல? வாசல்லயே மாமா கால்ல விழுந்து, "இளைச்சுட்டீங்களே மாமா"ன்னு கண்ணத் தொடைச்சாங்க. கண்ணுல ஒரு சொட்டு இல்ல. மாமா, "அப்படியாம்மா? போன வாரம் எடை பாத்தேன், ஒரு கிலோ கூடியிருக்கேன்"னாரு. அந்த ஒரு எடத்துலதான் நான் இன்னைக்குச் சிரிச்சேன்.

பன்னெண்டே முக்காலுக்கு மாமாவுக்குச் சாப்பாட்டுக்கு முந்தின மாத்திரையக் குடுத்தேன். ஒண்ணேகாலுக்குள்ள சாப்பிட்டுடணும்.

ஹால்ல நாலு இலை. தலை இலை மாமாவுக்கு, அப்புறம் மூத்தவர், இவர், கடைசியா இலக்கியா. உப்பு வச்சேன். வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடிய சொர்ணம் அக்கா வச்சாங்க. கூட்டு, சேனை வறுவல், உருளைக்கிழங்கு நான். வடை, அப்பளம் அவங்க. பாயசம் நான். ஓட்டப்பந்தயம் மாதிரி ஆளாளுக்கு ஓடி ஓடிப் பரிமாறினோம். இலை பூரா நெறைஞ்சுருச்சு. நடுவுல சோத்துக்கு விட்ட எடம் மட்டும் பச்சையா இருந்துச்சு.

சாதப் பாத்திரத்தக் கொண்டாந்து ஹால் நடுவுல வச்சேன். கரண்டிய அது மேல வச்சேன்.

"மாமாவுக்குப் போடு திலகா"ன்னாங்க சொர்ணம் அக்கா.

"நீங்க போடுங்கக்கா. மூத்த மருமக இருக்கையில நான் போடலாமா?"

"உன் வீடும்மா. வீட்டுக்காரி போடுறதுதான் மொறை."

"இந்த வருஷ மொறை உங்களுதுதானக்கா?"

"மொறை என்னம்மா மொறை, நமக்குள்ள. நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன?"

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்க போடுங்க."

ரெண்டு பேரும் சிரிச்ச முகம். வருஷ மொத நாள் பாருங்க, முகம் சுளிக்கக் கூடாது! எங்க ரெண்டு பேர் பல்லையும் யாராவது போட்டோ புடிச்சிருந்தா பல்பொடி விளம்பரத்துக்கு அனுப்பியிருக்கலாம். மத்த மூணு இலையிலயும் சாதம் விழுந்துருச்சு. பருப்பும் விழுந்துருச்சு. பெரியவர் கை வைக்காம யாரும் கை வைக்க முடியாதே, எல்லாரும் குந்திக்கிட்டு இருக்காங்க. பருப்பு காஞ்சுபோய் சாதத்து மேல ஏடாப் படிஞ்சுது. பாக்கவே கண்றாவியா இருந்துச்சு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் இலையில ஏதோ எழுதியிருக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க. பெத்த அப்பனுக்கு ஒரு கரண்டி சோறு எடுத்துப் போட கை வராத ஜென்மங்க!

இலக்கியாதான் சூழ்நிலைய மாத்துறேன்னு, "சரி, அதுக்குள்ள எல்லாரும் இந்த வருஷத்துக்கு ஒரு உறுதிமொழி சொல்லுங்க"ன்னா. அவ சிநேகிதிங்க வீட்ல அப்படிப் பண்ணுவாங்களாம்.

மூத்தவர் தெனம் நடக்கப் போறாராம். ஆறு வருஷமா இதான் சொல்றாரு, தொப்பை மட்டும்தான் நடந்து முன்னாடி போயிருக்கு. இவர் சாப்பிடும்போது போன் பாக்க மாட்டாராம். சொர்ணம் அக்கா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, "இந்த வருஷம் பெரியவங்களுக்கு நல்லா சேவை செய்யணும்"னாங்க. எனக்கு நெசமாவே ஓங்கரிச்சுது. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டேன். என் முறை வந்தப்ப, "நிம்மதியா இருக்கணும்"னேன்.

"தாத்தா?"

மாமா சுவர்க் கடிகாரத்தப் பாத்தாரு. ஒண்ணு நாப்பது.

"பசிச்சா வாயத் தெறந்து கேட்டுப்புடணும். இதான் தாத்தாவுக்கு இந்த வருஷம்"னாரு. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் நிமிந்து பாத்து, "பசிக்குதும்மா. யாராச்சும் சோறு போடுங்க"ன்னாரு.

யாரும் அசையல.

அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தாருன்னு தெரியல. கை லேசா நடுங்குச்சு. சுகர் எறங்குனா அப்படித்தான் நடுங்கும். அப்புறம் இலைய மூடினாரு. நல்ல நாள்ல மூடுற மாதிரி தன் பக்கமா இல்ல. எதிர்ப்பக்கமா, எழவு வீட்ல மூடுவாங்களே, அந்த மாதிரி. நான் பண்ணின கூட்டும் வறுவலும் அவர் பறிச்ச வேப்பம்பூவும் எல்லாம் உள்ள. எந்திரிச்சு, செருப்பப் போட்டுக்கிட்டு, படியெறங்கிப் போயிட்டாரு.

பின்னாடியே போன இவர் அரை மணி கழிச்சுத் தனியா வந்தாரு. தெருமுனை மெஸ்ல உக்காந்து மாமா சாப்பிட்டுக்கிட்டு இருக்காராம். வாசல்ல வருஷப்பொறப்பு விருந்துன்னு போர்டு வச்சிருக்காங்களாம்.

சொர்ணம் அக்கா, "பாத்தியா திலகா, நம்மள எப்படி அசிங்கப்படுத்திட்டாரு"ன்னாங்க. மிச்ச வடைய ஒரு டப்பாவுல கட்டிக்கிட்டுதான் போனாங்க.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாமா நேத்து சாயங்காலமே திரும்பி வந்துட்டாரு. வந்ததும், "படுக்கை இங்கதான், பை இங்கதானே இருக்கு. மூணு வேளைச் சாப்பாடும் அங்க. மெஸ்காரம்மா கையால சோறு வாங்கிட்டேன். இந்த வருஷம் அங்கதான்"னாரு. கோவமே இல்ல. ரூட் மாறின பஸ்ஸப் பத்தி பயணிங்ககிட்ட சொல்ற மாதிரி சொன்னாரு.

இவர் ஒரு மணி நேரம் கெஞ்சினாரு. "அப்பா, நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

"நாலு பேரு ஹால்ல இருந்தீங்கல்லப்பா. நீங்க நெனைச்சது போதும்."

ஏப்ரல் 17, வியாழன்

தெனம் எட்டு மணி, பன்னெண்டரை, ஏழரை. குடையப் புடிச்சுக்கிட்டு மெஸ்ஸுக்குப் போறாரு. எதுத்த வீட்டு செண்பகம், "என்னக்கா, மாமனாருக்கு உங்க சமையல் புடிக்கலையா?"ன்னு கேக்குது. கேக்கும்போதே கண்ணு மினுமினுக்குது. ச்சீ, அடுத்த வீட்டுக் கஷ்டம்னா அல்வா!

இதுக்கு நடுவுல சொர்ணம் அக்கா போன். எனக்கு ஆறுதல் சொல்றாங்களாம். "நான் போட்டிருப்பேம்மா, உன் வீடாச்சேன்னு பாத்தேன். ஆனாலும் அந்தப் பிள்ளையாவது போட்டிருக்கலாம். நீதான் விடல."

போன வச்சுட்டேன்.

இலக்கியா மூணு நாளா என்கிட்டப் பேசல. ஏன்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழமை யாரும் அசையலன்னு எழுதினேன். அது பொய். தாத்தா பசிக்குதுன்னு சொன்னதும் இலக்கியா சட்டுனு எந்திரிச்சுக் கரண்டியில கைய வச்சுட்டா. நான் அவ மணிக்கட்டப் புடிச்சு இழுத்து, "நீ உக்காரு"ன்னேன். என் மக போட்டா என் வீட்டுக் கணக்காயிடும்ல? அழுத்திப் புடிச்சிருக்கேன். வளையல் பதிஞ்சு செவந்து போச்சு. மாமா அதப் பாத்தாரு. அதுக்கப்புறம்தான் இலைய மூடினாரு.

மாத்திரையக் குடுத்தது நான். அத முழுங்கிட்டு அரை மணிக்குள்ள சாப்பிடலைன்னா என்ன ஆகும்னு இந்த வீட்ல தெரிஞ்ச ஒரே ஆளு நான். மயங்கி விழுந்தவங்கள லேப்ல பாத்திருக்கேன், வாயில சர்க்கரையப் போட்டு எழுப்பியிருக்கேன். கை நடுங்குறதப் பாத்துக்கிட்டே நின்னேன். சொர்ணத்தப் பாத்தேன், அவ அசைவாளான்னு.

டைரியிலயே பொய் எழுதுறவ, அடுத்தவளக் கட்டையில போறவன்னு திட்டினேன். ஈயத்தப் பாத்து இளிச்சுதாம் பித்தளை. கைய மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஏப்ரல் 19, சனி

கேழ்வரகுக் களி கிண்டி, கீரை கடைஞ்சு, மாமா ரூம் வாசல்ல வச்சேன். அவருக்கு ரொம்பப் புடிக்கும். "எடுத்து வச்சிரும்மா, நான் சாப்பிட்டு வந்துட்டேன்"னாரு. குரல்ல ஒரு குத்தலும் இல்ல. குத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ராத்திரிக்கு நான்தான் அதத் தின்னேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஞாயித்துக்கெழமை மெஸ் லீவு.

எனக்கு அது நேத்தே தெரியும். சரி, இன்னைக்கு மனுசன் எங்க போவாரு, நம்மகிட்டதான் வந்தாகணும்னு ஒரு நெனைப்பு. கோழி எடுத்தாந்து, மல்லி வறுத்து அரைச்சுக் கொழம்பு வச்சேன். ஒரு மணிக்கு இலை போட்டேன். கரண்டிய என் கையிலயே வச்சுக்கிட்டு நின்னேன். மாமா ரூம விட்டு வெளிய வரல.

போய்ப் பாத்தேன். கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்திருந்தாரு. காகிதம் சரசரத்துச்சு. பன்னு. அதத் தண்ணியில நனைச்சு நனைச்சுத் தின்னுக்கிட்டு இருந்தாரு, சத்தமே வராம. ரசத்த அந்த உறிஞ்சு உறிஞ்சுவாரே, அந்த மனுசன். எனக்குச் சத்தம் புடிக்காதுன்னு அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு.

அப்படியே திரும்பி வந்துட்டேன். கொழம்பு வாசம் வீடு பூரா அடிச்சுது. ஜன்னலயெல்லாம் தெறந்து விட்டேன், அப்பவும் போகல. குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வயித்துல ஒண்ணுமே இல்ல, வெறும் மஞ்சத் தண்ணி.

இலக்கியா வெளிய நின்னு, "அம்மா, தண்ணி வேணுமா?"ன்னு கேட்டா. ஆறு நாள் கழிச்சுப் பேசின மொதப் பேச்சு.

ஏப்ரல் 22, செவ்வாய்

லேப்ல இன்னைக்கு ஒரு கம்பெனிக்கு மொத்தமா நூத்திப் பத்து பேருக்கு ரத்தம் எடுத்தோம். காலையில வீட்ல ஒரு டீ குடிச்சதோட சரி. வெளிய வரும்போது மணி பன்னெண்டே கால். வண்டி தெருமுனைக்கு வந்துச்சு. நேரா வீட்டுக்குத்தான் போகணும். மெஸ் வாசல்ல ஓரங்கட்டி நிப்பாட்டிட்டேன்.

உள்ள நாலு மேசைதான். ஈ மொய்க்குது, தரையில சாம்பார் சொட்டு, கை கழுவுற எடத்துல யாரோ காறித் துப்புறாங்க. வேற நாளா இருந்தா வாசல்லயே திரும்பியிருப்பேன். மூலை மேசையில மாமா உக்காந்திருந்தாரு. இலை போட்டுத் தண்ணி தெளிச்சு இருந்துச்சு. நான் போய் எதுத்தாப்ல உக்காந்தேன்.

மாமா என்னைப் பாத்தாரு.

மன்னிப்புக் கேக்கணும்னுதான் போனேன். வண்டியில வரும்போது வார்த்தையெல்லாம் அடுக்கி வச்சிருந்தேன். "மாமா, அன்னைக்கு நான்"னு ஆரம்பிச்சேன். மூக்குல ஒழுகுது, தொடைக்கத் துணி இல்ல, முந்தானையிலயே தொடைச்சேன். நாப்பத்தேழு வயசுப் பொம்பள, நாலு பேரு சாப்பிடுற எடத்துல. பக்கத்து மேசைக்காரர் இலைய நகத்திக்கிட்டாரு. அவருக்கு அருவருப்பா இருந்திருக்கும்.

மெஸ்காரம்மா சாதக் கூடையோட வந்தாங்க. கரண்டிய மாமா இலைக்குக் கொண்டு போனாங்க. மாமா கைய நீட்டி மறிச்சாரு.

"இரும்மா. இது எம் மருமக. இவளுக்கு ஒரு இலை போட்டு மொதல்ல இவளுக்குப் போடு. காலையில ஆறு மணிக்குப் போனவ, டீயோட நிக்கிறா."

இலை வந்துச்சு. சோறு விழுந்துச்சு. நான் வேணாம்னு சொல்லல. எந்திரிச்சுப் போகல. தலையக் குனிஞ்சுக்கிட்டு அள்ளி அள்ளித் தின்னேன். வெக்கங்கெட்டவ, ரசத்துக்கு மறுபடியும் சோறு கேட்டு வாங்கினேன்.